கெட்டபடியே கொண்டு வாங்க

லேப்டாப் எழவில்லை என்று யார் போய் நின்றாலும் அந்த ரிப்பேர் கடைக்கார அம்மா முதலில் மெஷினைத் தொடமாட்டார். ஆளைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டு, "இத்த இன்னா பண்ணீங்க?" என்பார். ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லாதவர் யாரும் கிடையாது. சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை நம் பக்கம் தள்ளுவார். ஸ்டூல் வந்துவிட்டால் இன்னும் அரை மணி நேரத்துக்கு விசாரணைதான்.

ஆம்பூரில் பஜாருக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு சந்தில் கடை. ஒரே ஷட்டரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியில் ஷூ தைக்கும் நூலும் பசையும் விற்பார்கள். மறுபாதி இவருடையது. வயது நாற்பதைத் தொட்டிருக்காது. சுடிதாருக்கு மேல் ஷூ கம்பெனியில் போடுகிற நீல ஓவர்கோட். கம்பெனியை விட்டு ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கோட்டை அவர் விடவில்லை. பெயரை எழுதவில்லை. "எழுதறதுன்னா எழுதுங்க, பேரு மட்டும் வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். இப்போது கடை மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். நான் சொல்வது அந்தச் சந்துக் கடைக் காலத்துக் கதை.

கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர் இருக்கும். ஷூ கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்காருகிறவர்கள் குறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுகிற குட்டி அம்புக்குறிகள். இவர் அவற்றைச் சந்தேகப்படுகிற எல்லாவற்றின் மேலும் ஒட்டுவார். சார்ஜருக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று, பவர் பட்டனுக்கு ஒன்று. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்து, குற்றமில்லை என்று தெரிந்ததும் அதிலிருந்து ஸ்டிக்கரை உரித்து எடுப்பார். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவே மாட்டார். யாராவது அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாகச் செய்வார்.

வாணியம்பாடியிலிருந்து ஒரு தோல் வியாபாரி வந்திருந்தார். "இதெல்லாம் பேஜாரும்மா. எல்லாத்தயும் ஒரே அடியா மாத்திப் போட்டுடு" என்றார்.

"மாத்தினா ஓடும் பாய். எதனால ஓடலன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அடுத்த வாரம் திரும்பப் படுத்துக்கும்."

வியாபாரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். பத்து நாள் கழித்து அதே மெஷினோடு அதே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். இவர் சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. "கழட்டின பழைய பார்ட்டு எல்லாம் எங்க பாய்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கடைக்காரர் தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்னதும், வீட்டில் யாரோ தவறிப்போன மாதிரி முகம் வாடிவிட்டது.

கெட்டுப்போனதை யாரும் தொடாமல், கெட்டபடியே கொண்டு வர வேண்டும். அதுதான் அவர் கடையின் சட்டம். "சரி பண்றேன்னு நாலு பேரு கை வெச்சதுக்கப்புறம் எங்கிட்ட வந்தா, எது அது கெட்டது, எது நீங்க கெடுத்ததுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்பார்.

எங்கள் ஊர்க் காற்று தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் காற்று. வெள்ளிக் கொலுசு சீக்கிரம் கறுத்துப்போகும். மெஷினுக்குள் இருக்கிற பித்தளை நிற நுனிகளும் அப்படித்தான். போர்டே போய்விட்டது என்று மற்ற கடைகளில் கைவிட்ட மெஷின்களில் பலவற்றை இவர் ஒரு பென்சில் ரப்பரை வைத்தே எழுப்பியிருக்கிறார். ரேம் என்று சொல்கிற அந்தச் சின்னப் பட்டையைக் கழற்றி, அதன் நுனியை ரப்பரால் தேய்ப்பார். தேய்த்த பிறகு அதை நம் கையில் கொடுத்து, "கறுப்பு போச்சா பாருங்க" என்பார். போய்விட்டது என்று நாம் சொன்னாலும் விடமாட்டார். பக்கத்துப் பசைக் கடைக்காரரைக் கூப்பிடுவார். "அண்ணா, நீங்களும் ஒரு தடவ பாருங்க." அவரும் வந்து, பார்த்து, போய்விட்டது என்று சொன்ன பிறகுதான் மாட்டுவார்.

பசைக் கடைக்காரருக்கு இது வாடிக்கை. "அந்தம்மாக்கு ரெண்டு கண்ணு பத்தாது, ஊரு கண்ணெல்லாம் வேணும்" என்று கேலி செய்வார். "என் கண்ண நம்பாதீங்கண்ணா" என்று இவரும் சிரித்தபடி சொல்வார். நான் முதல்முறை போன அன்றும் இதே பேச்சு, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் ஏன் தன் கண்ணை நம்புவதில்லை என்று அந்தச் சந்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அவரும் நானும் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நான் மாடியில் சாம்பிள் ரூமில் பேட்டர்ன் மாஸ்டர். ஷூவின் மேல்தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. அவர் கீழே கடைசி செக்கிங் மேசைக்குப் பொறுப்பு. ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் மாடிக்காரனைக் கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது.

ஒரு லேடீஸ் ஷூ ஆர்டர். தோல் செலவைக் குறைக்கச் சொல்லி மேலே நெருக்கினார்கள். பக்கத் தையலுக்கு வெளியே விடுகிற விளிம்பில் நான் அரை மில்லிமீட்டர் குறைத்தேன். ஆயிரக்கணக்கான ஜோடிகளில் கணிசமாகத் தோல் மிச்சமானது. மானேஜர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அந்தப் பெருமையில், மாற்றியதை ஃபைலில் எழுத மறந்தேன். அதே வாரம் கீழே நூலும் மாறியது, ஊசியும் மாறியது. சரக்கு போய்ச் சேர்ந்து, போட்டு நடந்தவர்கள் காலிலேயே தையல் விட்டு, மொத்தமும் திரும்பி வந்தது. மீட்டிங்கில் நூல்காரர் ஊசியைச் சொன்னார், ஊசிக்காரர் நூலைச் சொன்னார். பேட்டர்னை யாரும் சொல்லவில்லை, அது மாறியதே யாருக்கும் தெரியாது. கடைசியில் எல்லோருக்கும் வசதியான ஒரு முடிவுக்கு வந்தார்கள். செக்கிங்கில் பார்க்காமல் விட்டுவிட்டார்கள் என்று.

"நான் பாக்கும்போது நல்லாதான் இருந்துச்சு சார்" என்று அவர் உள்ளே சொன்னது எனக்குக் கேட்டது. நான் மீட்டிங் ரூம் வாசலில் கையில் பேட்டர்ன் அட்டைகளோடு நின்றிருந்தேன். வேலையை விட்டு நிறுத்தியதும் அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

ஆறு வருஷம் கழித்து நானே அந்த வேலையை விட்டேன். வீட்டிலிருந்தபடியே சின்ன யூனிட்டுகளுக்குப் பேட்டர்ன் போட்டுக் கொடுக்கலாம் என்று ஆசை. நாட்றம்பள்ளிப் பக்கம் ஒருவர் ஆண்கள் செருப்புக்கு முதல் வேலை கொடுத்தார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பேட்டர்ன் வரைகிற சாஃப்ட்வேர் என் பழைய லேப்டாப்பில்தான் இருந்தது. அந்த மெஷினோடு சேர்த்துப் பூட்டிய லைசென்ஸ், வேறு எதிலும் ஓடாது. விற்ற ஆள் தொழிலையே விட்டுவிட்டார். அந்த வாரத் திங்கட்கிழமை காலையில் மெஷின் எழவில்லை. பட்டனை அமுக்கினால் ஒரு விளக்கு வந்தது, திரை கறுப்பாகவே இருந்தது.

நானே இணையத்தில் பார்த்து வைத்தியம் செய்தேன். புது ரேம் வாங்கினேன், சார்ஜரை மாற்றினேன், பேட்டரியையும் மாற்றினேன். எழுந்துவிட்டது. வீட்டில் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடி படுத்துவிட்டது. பஜாரில் இரண்டு கடையில் போட்டுப் பார்க்காமலே, நான் சொன்னதை மட்டும் கேட்டு போர்டு போய்விட்டது என்றார்கள். இரண்டாவது கடைக்காரர்தான், "ஸ்டேஷன் சந்துல ஒரு அம்மா இருக்காங்க, அவங்க கைவிட்டா அப்புறம் யாருமில்ல" என்றார். போய் நின்றபோதுதான் அந்த நீலக் கோட்டைப் பார்த்தேன். திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் ஸ்டூல் வந்துவிட்டது. ஷூவுக்குப் பேட்டர்ன் வரைகிற மெஷின் என்று சொன்னேன்.

"எந்த கம்பெனில இருந்தீங்க மாஸ்டர்?"

"வேலூர் பக்கம்மா" என்று புளுகினேன்.

"இத்த இன்னா பண்ணீங்க?"

ரேம், சார்ஜர், பேட்டரி என்று மூன்றையும் ஒப்புக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "மூணயும் ஒண்ணா மாத்தினீங்களா? எல்லாத்தயும் பழையபடி மாட்டலாம். எனக்கு இது கெட்டபடியே வேணும்."

நான் கொண்டுபோயிருந்த பழைய பாகங்களை வரிசையாக மாட்டிப் பட்டனை அமுக்கினார். மெஷின் எழுந்துகொண்டது. நான் கும்பிட்டேன். அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "ஒண்ணுமே பண்ணாம ஓடுது. எனக்கு இது பிடிக்கல" என்றார்.

அவருக்குப் பிடிக்காதது சரிதான். புதன்கிழமை காலை வீட்டில் எழவில்லை, கடைக்குக் கொண்டுபோனால் எழுந்தது. ஸ்டிக்கர் சுருளை மேசையில் வைத்துவிட்டு யோசித்தார். "கோளாறு என் கடைக்கு வர மாட்டேங்குது. நான்தான் அதப் பாக்க வரணும். மத்தியானம் வர்றேன்."

சொன்னபடி ஸ்கூட்டியில் வந்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, ஒரு மூலையில் நின்றுகொண்டார். "தினமும் எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க. நான் இல்லன்னு நினைச்சிக்குங்க."

நான் மெஷினை எடுத்தேன். அலமாரியிலிருந்து அதன் உறையை எடுத்தேன். நானே வரைந்து, வெட்டி, தைத்தது. பழுப்பு நிற மாட்டுத்தோல், மூலைக்கு மூலை கச்சிதம், மூடுவதற்குக் காந்தப் பொத்தான். மெஷினுக்குச் சட்டை போட்டதுபோல இருக்கும், திறந்து வைத்தால் மடிப்பு அடியில் போய்விடும். கடைக்குக் கொண்டுபோனால் அழுக்காகிவிடும் என்று அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மெஷினை மட்டும் பழைய ரெக்ஸின் பையில்தான் இத்தனை நாளும் எடுத்துப் போயிருந்தேன்.

உறையை மாட்டினேன், மேசையில் வைத்தேன், பட்டனை அமுக்கினேன். திரை கறுப்பு.

அவர் குனிந்து விளக்கைப் பார்த்தார். "இது விட்டு விட்டு எரியுது, நீங்க எங்கிட்ட சொல்லல. செத்த மெஷினு இப்படி சிமிட்டாது. இது தூங்குது மாஸ்டர்." பிறகு கேட்டார். "இந்த உற எப்ப வந்துச்சு?"

"ஞாயித்துக்கெழம தைச்சேன்."

"திங்கக்கெழம படுத்துச்சு."

உறையை மட்டும் கழற்றச் சொன்னார். எழுந்தது. மாட்டச் சொன்னார். தூங்கியது. என்னை மூன்று முறை செய்ய வைத்தார். என் மனைவியைக் கூப்பிட்டு அவரையும் செய்ய வைத்தார். மூடியை மூடிவிட்டால் தூங்கு என்று மெஷினுக்குச் சொல்ல ஓரத்தில் ஒரு சின்ன உணர்கருவி இருக்குமாம். மூடியில் இருக்கிற காந்தம் பக்கத்தில் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். என் பொத்தான் காந்தம் மடிந்து போய் நேராக அதன் அடியில் உட்கார்ந்திருந்தது. மூடி திறந்திருந்தாலும் மூடியாயிற்று என்று மெஷின் நினைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நூலு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போயிருந்தா ஒண்ணுமே ஆயிருக்காது" என்றார். "ரொம்ப கரெக்டா வெட்டியிருக்கீங்க." சிரித்தார். என் மனைவி அவரைவிடச் சத்தமாகச் சிரித்தார். நான் கத்தரிக்கோலை எடுத்து உறையை வெட்டப் போனேன்.

"அத ஏன் வெட்றீங்க, காந்தத்த மட்டும் எடுங்க. அழகா இருக்குது." ஸ்கூட்டியில் ஏறும்போது சொன்னார். "மூணு மாத்தினேன்னு சொன்னீங்க. ரேம மாத்த உறயக் கழட்டினீங்களே, அதுவும் ஒரு மாத்தம்தான். நீங்க மாத்தினது நாலு. நாலாவது உங்க கைவேல, அதான் உங்க கண்ணுக்குத் தெரியல."

அவர் உறையைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு அந்தப் பழைய ஷூ ஆர்டர்தான் நினைவுக்கு வந்தது. நூல், ஊசி என்று அன்றைக்கு மீட்டிங்கில் இரண்டைத்தான் எண்ணினார்கள்.

வெள்ளிக்கிழமை பேட்டர்னைக் கொடுத்தேன். நாட்றம்பள்ளிக்காரர் ஒரு ஜோடி வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த மூன்று மாடலையும் என்னிடமே தந்தார். பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் பாதி, அவரிடம் புளுகியது உறுத்தியது பாதி. ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேரே சந்துக்குப் போனேன். அவர் ஒரு மெஷினைத் திறந்து வைத்து அதன் விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் ஓகே ஆயிடுச்சும்மா. இன்னும் மூணு குடுத்திருக்காங்க."

"சூப்பர் மாஸ்டர்." நிஜமாகவே மகிழ்ந்தார். கை மட்டும் துடைப்பதை நிறுத்தவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். நான் வேலூர் பக்கம் வேல பாக்கல. உங்க கம்பெனிதான். மாடில, சாம்பிள் ரூம்ல இருந்தேன்."

கை நின்றது.

சொன்னேன். அரை மில்லியைச் சொன்னேன், ஃபைலில் எழுதாததைச் சொன்னேன், வாசலில் நின்றதைச் சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"எந்த ஆர்டர், அந்த செருகு பக்கிள் வெச்சதா?"

"ஆமாம்மா."

"பேட்டர்ன் எந்தக் கெழம கீழ வந்துச்சு?"

"திங்கக்கெழம."

"நூலு மாத்தினது புதன்கெழம. ஊசி வியாழக்கெழம. எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது." விரலால் மேசையில் கோடு இழுத்தார். "திங்கக்கெழம தைச்ச ஜோடியிலயும் தையல் விட்டிருந்துச்சு. பழைய நூலு, பழைய ஊசி. நான் சொன்னேன், யாரும் காதுல வாங்கல. அப்போ அது விளிம்புதான்."

"விளிம்புதாம்மா."

"வளைஞ்சாத்தான் விடும். மேசையில வெச்சுப் பாத்தா தெரியாது."

"தெரியாது. யார் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "அப்போ நான் பாத்தது சரிதான்" என்றார். என்னிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன மன்னிச்சிடும்மா" என்றேன்.

"உங்க மேல கோவம் இல்லாம இல்ல மாஸ்டர். ஜாஸ்தியாவே இருக்குது. அத அப்புறம் வெச்சிக்கலாம், ஒண்ணொண்ணா பாக்கலாம்." எழுந்தார். "மொதல்ல என்கூட வாங்க."

திறந்த மெஷின் மேசையில் அப்படியே கிடந்தது. திருகாணிகள்கூட டப்பாவுக்குள் போகவில்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அவர் எழுந்ததை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. எங்கே போகிறீர்கள் என்று பசைக் கடைக்காரர் கேட்கும்போதே தன் பக்கத்து ஷட்டரை இழுத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பேக்கரியில் அவர் கணவர் பன் போடுகிறவர். நடக்கும்போது சொன்னார். "வேல போய் வந்தன்னிக்கு அவரு என்ன திட்டல. 'பரவால்ல விடு, எல்லாருக்கும் கண்ணு தவறும்'னு சொன்னாரு. நல்ல மனுஷன், ஆறுதலுக்குத்தான் சொன்னாரு. அவரும் நான் தவறவிட்டேன்னுதான் நம்பிட்டாரு. அதுக்கு பதிலா நாலு அடி அடிச்சிருக்கலாம்."

பேக்கரியின் பின்பக்கம் போனோம். கணவர் கை முழுக்க மாவோடு எங்களைப் பார்த்து, கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். "இவரு சொல்றதக் கேளுங்க" என்று மனைவி என்னை முன்னால் நிறுத்தினார். அடுப்புச் சூட்டில் நின்று மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கணவர் நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். மாவுக் கையைக் கோணித் துணியில் துடைத்துக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"பரவால்லன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.